போர்க்களத்துக் கண்ணும் தென்னந்தோப்பும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தராய்ப் பணியாற்றும் எனக்கு விஞ்ஞானம் பேசும் தகுதி இல்லை. ஆயினும், சாலைக் கடைத்தெருவை அடுத்து வாழும் நம்மில் தேங்காயைப் பற்றிப் பேச யாருக்குத்தான் உரிமை இல்லை? அத்தேங்காயை முன்னிட்டே ஒரு போர்க்காலக் காமிராவின் கதையைச் சொல்ல வந்தேன்.

இரண்டாம் உலகப் போரின்போது சுவீடன் நாட்டார் கையில் ஜெர்மானியரின் விமானக் காமிரா ஒன்று சிக்கியது. அதுபோல் ஒன்று செய்து தரும்படி அந்நாட்டு விமானப்படை விக்டர் ஹாசல்பிளாட் என்பவரைக் கேட்டது. 1941-இல் அவர் அதனினும் சிறந்த கருவி ஒன்றை உருவாக்கினார். பறவைகளைப் படம் பிடிப்பதில் தீராத ஆசை கொண்ட அவர், போர் ஓய்ந்தபின், அந்த அனுபவத்தை முதலாகக் கொண்டு 1948-இல் பொதுமக்களுக்கான காமிராவை வெளியிட்டார். புகைப்படக் கலைஞர்கள் அதனைப் போற்றி ஏற்றனர். 1969-இல் சந்திரனில் மனிதர் எடுத்த படங்களும் அவர் பெயர் தாங்கிய காமிராவில் எடுத்தவையே.

படச்சுருளுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. பீரங்கிக்குப் பச்சை வண்ணம் பூசிக் காட்டிடையே மறைத்தால், நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சைதான். ஆனால் உயிருள்ள இலை, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். சாதாரணப் பச்சைச் சாயம் அங்ஙனம் அனுப்பாது. இவ்வேறுபாட்டைக் காட்டும் வண்ணச் சுருளைக் கோடாக் கம்பெனியார் போர்க்காலத்தில் செய்தனர். அதில் உயிருள்ள இலை சிவப்பாக விழும். போலிப் பச்சை வேறு நிறமாய் விழுந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இவ்விரண்டும் ஒன்றுகூடியது நம் கேரளத்துத் தென்னந்தோப்பின் மேல். 1882-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் திருவிதாங்கூரில் தலைகாட்டியது வேர்வாடல் நோய். இந்நாட்டார் அதனைக் காற்றுவீழ்ச்சி என்பர். மரம் உடனே சாவதில்லை. ஓலை தளர்ந்து, மஞ்சளித்து, காய்ப்புக் குன்றி, குடும்பத்தின் வருவாயைச் சிறுகச் சிறுக அரித்துவிடும்.

1970-ஐ ஒட்டி, கொல்லங்கோட்டில் பிறந்த விஞ்ஞானி பி. ஆர். பிஷாரடி ஹாசல்பிளாட் காமிராவையும் அகச்சிவப்புச் சுருளையும் ஹெலிகாப்டரில் ஏற்றித் தோப்புகளை மேலிருந்து படம் எடுக்கச் செய்தார். தரையில் நின்று பார்ப்பவர்க்குக் குறையின்றித் தோன்றிய மரங்களிலும் நோயின் குறி படத்தில் தெரிந்தது. இந்தியாவின் தொலையுணர்வுத் துறைக்கு அதுவே முதற்படி. பிஷாரடியை அத்துறையின் தந்தை என்று போற்றுகின்றனர்.

அன்பர்களே! படம் நோயைத் தீர்த்துவிடவில்லை. அதனை அடியோடு போக்கும் மருந்து இன்றும் இல்லை. நோய் முற்றிய மரத்தை அகற்றுவதும், எருவிட்டுப் பேணுவதும், நோய் தாங்கும் இனங்களை நடுவதுமே வழி. ஆயினும் எந்தத் தோப்பில் நோய் புகுந்தது என்று முன்கூட்டி அறிந்தாலன்றோ இவற்றைக் காலத்தில் செய்யலாம்? பகைவன் பதுங்கிய இடத்தைத் தேடப் பிறந்த கண், குடியானவன் தோப்பில் பதுங்கிய பிணியைத் தேடிற்று. அப்படித் தேடச் சொன்னது ஒரு மனிதரின் மனம்.

நம் பிள்ளைகள் நாளை எத்தனையோ புதுக் கருவிகளைக் கையாளப் போகிறார்கள். கருவி எங்கே பிறந்தது என்று கேட்பதோடு நில்லாமல், இதனால் நம் மண்ணுக்கு என்ன செய்யலாம் என்றும் அவர்கள் கேட்கட்டும். அவ்வாறு கேட்கப் பழக்குவது பெற்றோராகிய நம் கடமை என்று கூறி அமைகிறேன்.