வலமா, இடமா? தறியைக் கேளுங்கள்!

(சங்கரன்கோவிலில் ஆற்றிய உரை)

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே! ஞாயிறன்று ஏட்டிலே இவ்வுரையைப் படிக்கப்போகும் நண்பர்களே! உங்கள் அனைவரிடமும்தான் பேசுகிறேன்.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன், நாடகம் எழுதுபவன், பொருளாதாரம் பேச வந்துவிட்டானே என்று சிலர் புன்னகை புரியக்கூடும். புரியட்டும்! பட்டம் பெற்றோர் நமக்கு ஒரு கோடு கிழித்துக் காட்டுகின்றனர். இடக்கோடியில் பொதுவுடைமை, வலக்கோடியில் முதலாளித்துவம், நடுவிலே கலப்புப் பொருளாதாரம். அரசின் கை நீண்டால் இடம். வணிகரின் கை நீண்டால் வலம். கணக்கு எளிது. விடை சரிதானா?

இவ்வூர்க் கோவிலிலே சங்கரநாராயணர் திருவுருவைக் கண்டிருப்பீர்கள். வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். ஆனால் எதிரே நிற்பவருக்கோ, சிவன் இடக்கைப் பக்கம்! நாடக மேடையும் அப்படித்தான். நடிகனுக்கு வலம், கொட்டகையில் அமர்ந்திருப்போருக்கு இடம். ஆக, எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் வலம் இடம் பேசுவதிலே பொருளில்லை.

இச்சொற்கள் பிறந்த கதையைக் கேளுங்கள். 1789-இல் பிரெஞ்சு தேசிய மன்றத்திலே, மன்னருக்குத் தடையுரிமை வேண்டும் என்றோர் தலைவரின் வலப்புறம் அமர்ந்தனர். கூடாது என்றோர் இடப்புறம் அமர்ந்தனர். அன்றைய வழக்கு முடியைப் பற்றியது, ஆலையைப் பற்றியதன்று! அந்த இடப்புறத்தாரில் ஒருவரான லெ சாப்பலியேதான், 1791-இல் தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பதையே தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். இன்றைய கோட்டிலே அவரை எங்கே நிறுத்துவது?

பிரான்சு தொலைவில் உள்ளது என்பீர்கள். நம் மாநிலத்துக்கே வருவோம். 1959-இல் சுதந்திராக் கட்சியைக் கண்டவர் இராஜாஜி. 'பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்' என்று அரசின் கட்டுப்பாடுகளைச் சாடியவர். வலதுசாரிக்கு இலக்கணமே அவர்தான் என்றனர். அவரே 1952 முதல் 1954 வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது செய்தது என்ன? உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார், அது வலம். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்படவேண்டும், ஆலைகள் அவற்றை நெய்யலாகாது என்று டில்லியிடம் வற்புறுத்தினார், அது இடம். தஞ்சையிலே குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி, 1952-இல் அவசரச் சட்டம் பிறப்பித்தார், அதுவும் இடம்! ஒரே மனிதர், ஒரே நாற்காலி. கோட்டிலே எத்தனை புள்ளி வைப்பீர்கள்?

கட்சிகளை வைத்தாவது கணிக்கலாமா? 1955-இல் ஆவடியிலே சமதர்மப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானித்த காங்கிரசின் ஆட்சியே, 1991-இல் லைசென்ஸ் முறையின் பெரும்பகுதியைத் தகர்த்தது. 1967 தேர்தலிலே சுதந்திராக் கட்சியினரும் மார்க்சிஸ்டுகளும் ஒரே அணியில் நின்றதையும் தமிழகம் கண்டது.

சரி, உங்கள் விசைத்தறியையே எடுத்துக்கொள்வோம். தறி தனியார் உடைமை, வலம். நூலின் விலையை வைப்பது சந்தை, வலம். கட்டணமில்லா மின்சாரம், 2023-இல் இரு திங்களுக்கு 1,000 யூனிட்டாக உயர்ந்தது; இடம். 1983-இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்துக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே துணி வாங்குவது அரசு, இடம். அந்த ஒரு சேலைக்கு என்ன பெயர் சூட்டுவீர்கள்? முதலாளித்துவச் சேலையா? சமதர்மச் சேலையா?

கோடே பயனற்றது என்று நான் கூறவில்லை. உடைமை யாருடையது என்ற ஒரு கேள்விக்கு அது விடை கூறும். ஆனால் வாழ்க்கை அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிடுவதில்லையே! சுவீடனிலே தொழில்களில் பெரும்பாலானவை தனியார் கையில். எனினும் வேலையிழந்தோரைத் தாங்க ஏற்பாடு உண்டு. சோவியத் நாட்டிலே ஆலைகள் அரசுடைமை; எனினும் அரசின் பிடிக்கு வெளியே தொழிலாளி சங்கம் அமைக்க இடமிருந்ததில்லை. உடைமை ஒன்று, உரிமை வேறொன்று, பாதுகாப்பு மற்றொன்று.

ஆகவே மூன்று கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். தறி யாருடையது? விலையையும் கூலியையும் முடிவு செய்பவர் யார்? நட்டம் வந்தால் சுமப்பவர் யார்? நூல் விலை ஏறி, துணி தேங்கி, தறி நின்றுபோகும் நாளிலே முதல் அடி யார் வயிற்றில் விழுகிறது? கூலிக்கு நெய்பவன் வயிற்றில்தானே! அவன் வீட்டு உலை கொதிக்க என்ன வழி என்று சொல்லாத திட்டம், இடமிருந்து வந்தால் என்ன? வலமிருந்து வந்தால் என்ன?

நாளை ஒருவர் வருவார். "இது இடதுசாரித் திட்டம், ஆகவே நல்லது" என்பார். இன்னொருவர் வருவார், "ஆகவே தீது" என்பார். இருவரையும் வரவேற்று உட்காரவையுங்கள், மோர் கொடுங்கள், மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விடை கூறுபவரோடு வாதிடுங்கள். பெயர்ப்பலகையை மட்டுமே காட்டுபவரை வணக்கம் கூறி வழியனுப்பிவிடுங்கள்.

நானும் அந்த வணக்கத்தையே கூறி விடைபெறுகிறேன். ஆனால் கேள்விகளை உங்களிடமே விட்டுச் செல்கிறேன்!