காலையில் திறந்த முதல் குழாய்

அமெரிக்காவில் ஃபிளின்ட் என்று ஓர் ஊர். 2014-இல் அங்கே ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். பழைய குழாய்களின் ஈயம் அதில் கலந்தது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஆனால் பிள்ளைகளின் மூளையைக் கெடுத்துவிடும். அதிகாரிகளோ, தண்ணீர் நல்லதுதான் என்றார்கள்.

அடுத்த ஆண்டு, பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழு அந்த ஊருக்குப் பாட்டில்கள் அனுப்பியது. ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிய தண்ணீரை, காலையில் பல் தேய்க்கும் முன்பே ஊர் மக்கள் பிடித்துக் கொடுத்தார்கள். பல வீடுகளில் ஈயம்! அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் சிறு அவசர நிதி இந்த ஆய்வுக்குத் துணை நின்றது. சிறிய தொகைதான், ஆனால் சீக்கிரம் கிடைத்தது. அதுதான் முக்கியம். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, பிள்ளைகளின் ரத்தத்திலும் ஈயம் கூடியதைக் காட்டினார். அக்டோபரில், ஆற்றுத் தண்ணீருக்கு முன்பு வந்துகொண்டிருந்த தண்ணீரே குழாயில் திரும்ப வந்தது.