ஒரு பெட்டிக்குள் பல கணினிகள்



மொழி மன்றத்தின் மேடையில் கணினிப் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கான காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளியின் பொருளறையில் ஒரு காலணிப் பெட்டி கிடைத்தது. அதனுள் பதினொரு குறுவட்டுகள் இருந்தன. பள்ளி ஆண்டுமலர்களின் மூலக்கோப்புகள் அவை. அச்சான படிகளுள் பல ஒரு வெள்ளத்தில் அழிந்துபோயிருந்தன. ஆவலோடு என் புதிய கணினியில் ஒரு கோப்பைத் திறந்தேன். திரையில் தமிழ் தோன்றவில்லை. உரோமன் எழுத்துகளும் விளங்காக் குறிகளும் வரிசை வரிசையாக நின்றன. கோப்பு கெட்டுவிடவில்லை. அதைப் படிக்கத் தெரிந்த கணினிதான் நம்மிடம் இல்லாமற் போயிருந்தது.

இந்நிலை ஏன் வந்தது? ஒருங்குறி 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியது. ஆனால் அது நம் மேசைக்கு வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. அதுவரை, 256 இடங்களே கொண்ட அட்டவணையில் எழுத்துரு உருவாக்கியோர் தத்தம் விருப்பப்படி தமிழ் எழுத்துகளை அமர்த்தினர். ஒருவர் ககரத்தை வைத்த இடத்தில் மற்றொருவர் மகரத்தை வைத்தார். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் தரங்கள் வந்த பின்னரும் பழைய எழுத்துருக்கள் உடனே மறைந்துவிடவில்லை. ஆகவே, அக்காலக் கோப்பைப் பிழையின்றிக் காண அக்கால எழுத்துரு வேண்டும்; பக்கம் அமைத்த அக்கால மென்பொருள் வேண்டும்; அம்மென்பொருள் இயங்க அக்கால இயங்குதளமும் வேண்டும். பழைய கணினியைத் தேடி வாங்கலாம். ஆனால் அது இன்னும் எத்தனை நாள் உயிரோடிருக்கும்?

இங்குதான் மெய்நிகராக்கம் துணைக்கு வருகிறது. மெய்நிகர் என்பது அழகான சொல். மெய்யன்று, மெய்க்கு நிகர். இரும்பாலும் கம்பியாலும் ஆகாமல், மென்பொருளால் அமைந்த கணினியே மெய்நிகர் கணினி. தோட்டப்புற லயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரை, நடுவே தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு குடும்பம். அதுபோலவே ஒரே பெட்டிக்குள் பல கணினிகள் தனித்தனியே குடியிருக்கின்றன. அவற்றுக்கு இடம் பகிர்ந்தளித்து, ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் புகாமல் காக்கும் மென்பொருளே ஹைப்பர்வைசர்.

பெயர்க்காரணம் சுவையானது. முற்காலத்தில் இயங்குதளத்தின் கருவை ஆங்கிலத்தில் மேற்பார்வையாளர் என்னும் பொருள்பட ‘சூப்பர்வைசர்’ என்றனர். அதற்கும் மேலே இருந்து ஆள்வது ‘ஹைப்பர்வைசர்’ ஆயிற்று. நம் தோட்டங்களில் கங்காணி இருந்தார். அவருக்கும் மேலே பெரிய கங்காணி இருந்தார். கண்காணி என்னும் தூய வடிவத்தை மீட்டு, இதனை ‘மேற்கண்காணி’ என்று அழைக்க விரும்புகிறேன். ஏற்பதும் மறுப்பதும் அவையோரின் உரிமை.

இக்கருத்து புதிதன்று. 1960களில் ஐபிஎம் நிறுவனத்தார் பெருங்கணினிகளில் இதனைச் செய்து காட்டினர். 1972இல் விஎம்/370 என்னும் பெயரில் வெளியிட்டனர். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் தம் சில்லுகளிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. 2007இல் கேவிஎம் என்னும் மேற்கண்காணி லினக்ஸ் கருவில் இடம்பெற்றது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2008இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருளே புரோக்ஸ்மாக்ஸ். பெருங்கணினிக் கூடத்துக்கே உரியதாயிருந்த வசதி இவ்வாறு வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

இனி, நான் செய்த முறையைக் கூறுகிறேன். அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட சிறிய மேசைக்கணினியை வாங்கினேன். நான்கு கருக்கள் கொண்ட செயலி, 16 ஜிகாபைட் நினைவகம், 512 ஜிகாபைட் திடநிலை வட்டு. இவை போதும். முதலில் பயாஸ் அமைப்புக்குள் சென்று, மெய்நிகராக்க வசதியை இயக்க வேண்டும். பல கணினிகளில் அது அணைக்கப்பட்டே இருக்கும். பிறகு நிறுவற்கோப்பைப் பதிவிறக்கி, அதன் ஷா-256 சரிபார்ப்பு எண், வெளியிட்டோர் தந்த எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்திருந்தால் விரலியில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். ஓர் எச்சரிக்கை: நிறுவும்போது தேர்ந்தெடுத்த வட்டில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்.

வழங்கிக்கு மாறாத பிணைய முகவரி ஒன்றைக் கொடுங்கள். கம்பிவழி இணைப்பையே பயன்படுத்துங்கள். மெய்நிகர் கணினிகளை வீட்டுப் பிணையத்தோடு சேர்க்கும் பாலம், கம்பியில்லா இணைப்பில் பெரும்பாலும் ஒழுங்காக இயங்காது. நிறுவி முடிந்தபின் வழங்கிக்குத் திரையும் விசைப்பலகையும் தேவையில்லை. வேறொரு கணினியின் உலாவியில் அம்முகவரியையும் 8006 என்னும் வாயில் எண்ணையும் இட்டால் ஆட்சிப்பக்கம் திறக்கும். சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை முதலில் தோன்றும். வழங்கி தனக்குத் தானே சான்று எழுதிக்கொண்டதால் வருவது அது. அந்த வாயிலை ஒருபோதும் வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

நான் மூன்று குடிகளை அமர்த்தினேன். பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு 1 ஜிகாபைட் நினைவகம். எழுத்துமாற்றம் செய்யும் லினக்ஸ் கணினிக்கு 4. மாணவர் பயிற்சிக்கு 4. எஞ்சிய 7 ஜிகாபைட்டை மேற்கண்காணிக்கே விட்டுவைத்தேன். செயலியின் நேரத்தைப் பலர் மாறி மாறிப் பகிர்ந்துகொள்ளலாம். நினைவகத்தை அவ்வாறு தாராளமாக வாக்களிக்கக் கூடாது. எக்ஸ்பிக்குப் பழைய ஐடிஇ வகை வட்டையே தேர்ந்தெடுத்தேன், புதிய வகைகளை அது தானாக அறியாது. பாதுகாப்பு நின்றுபோன இயங்குதளம் ஆதலால், பிணைய அட்டையே இல்லாமல் அதனை அமைத்தேன். கோப்புகளை வட்டுப்படிமமாக்கி உள்ளே அனுப்பினேன். வெளியே கொண்டுவர, ஒரு சிறு மெய்நிகர் வட்டை எக்ஸ்பியிலிருந்து கழற்றி லினக்ஸில் மாட்டினேன். உரிய எழுத்துருவை நிறுவிக் கோப்பைத் திறந்தபோது, பல ஆண்டுகள் மறைந்திருந்த தமிழ் அப்படியே எழுந்து நின்றது.

அம்மகிழ்ச்சியில் ஒரு பிழை செய்தேன். மாணவர்கள் இதனைக் கவனமாகக் கேட்க வேண்டும். மேற்கண்காணியில் நிலைப்பதிவு என்று ஒரு வசதி உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் கணினியின் அந்நேரத்து நிலை பதிவாகும். பின்னர் தவறு நேர்ந்தால் அந்நிலைக்கே திரும்பலாம். நாள்தோறும் நிலைப்பதிவு செய்தேன். கோப்புகள் பத்திரமாக உள்ளன என்று நம்பினேன். ஒரு மாலை இடிமழையில் மின்சாரம் போயிற்று. மீண்டும் வந்தபோது வட்டு எழவில்லை. நிலைப்பதிவுகள் யாவும் அதே வட்டில்தான் இருந்தன. மூன்று வார உழைப்பு ஒரு நொடியில் மறைந்தது. குறுவட்டுகளை எறியாமல் வைத்திருந்ததால்தான் மூலம் தப்பியது.

வீட்டுக்குள்ளேயே புதைத்த பணத்தை வெள்ளத்துக்கு எதிரான காப்பு என்று யாரும் சொல்லார். நிலைப்பதிவு என்பது திரும்பிச் செல்லும் வழி. காப்புநகல் என்பது வேறிடத்தில் உள்ள உயிர். இப்பொழுது மூன்று படிகள் வைத்திருக்கிறேன்: ஒன்று வழங்கியில், ஒன்று வெளிவட்டில், ஒன்று வேறொரு வீட்டில். மாதம் ஒருமுறை காப்புநகலை மீட்டுத் திறந்தும் பார்க்கிறேன். மீட்டுப் பாராத காப்புநகலை நம்புவதற்கில்லை. தடையிலா மின்வழங்கி ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்.

மீண்டும் தொடங்கிய பணி இன்னும் முடியவில்லை. ஒருங்குறிக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு. மெய்ப்புப் பார்க்க மனிதக் கண் வேண்டும். மாணவர்கள் அப்பணியைச் செய்கிறார்கள். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தன் பாட்டி விடியுமுன் பால்மரம் சீவப் போன கதையை ஓர் ஆண்டுமலரில் எழுதியிருந்தாள். அந்தத் தோட்டம் இன்று இல்லை. அங்கே வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது. அந்த ஒன்றரைப் பக்கம் இருக்கிறது.

ஓலையை வண்டு அரிக்கும் என்று அறிந்த நம் முன்னோர் படியெடுத்தார்கள். நம் காலத்து எழுத்தை அரிப்பது மறதி. எழுத்தை மட்டும் காத்தாற் போதாது. அதைப் படிக்கும் கருவியையும் காத்தாக வேண்டும். உங்கள் பள்ளியின் பொருளறையிலும் ஒரு காலணிப் பெட்டி இருக்கலாம். அதனை எறிவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.