பொன்முடி ஏற்றமும் பழைய வண்டியின் காயிலும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியம் முழங்கும் மேடையில் இயந்திரம் பேச வந்திருக்கிறோம். காரணம் உண்டு. சென்னையில் 1955ஆம் ஆண்டு தோன்றிய என்பீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட்டும், மைசூரில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா ஆலையின் வண்டிகளும், தந்தையரும் பாட்டனாரும் விட்டுச் சென்ற செல்வமாக நம் வீடுகள் சிலவற்றில் இன்றும் நிற்கின்றன. விடுமுறை வந்தால் இளைஞர்கள் அவற்றைப் பொன்முடிக்கு ஓட்டிச் செல்கின்றனர். கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுள் ஒன்றில், பனிமூட்டத்தின் நடுவே, வண்டி திடீரென அடங்கி நின்றால், பின்னே ஏறிவரும் பேருந்தின் ஓட்டுநர் கண்ணுக்கு அது தென்படுவது அரிது. ஆகவே இதனை வெறும் பொழுதுபோக்குச் செய்தி என்று ஒதுக்கிவிடலாகாது.

நோயின் குறி இதுதான். நெடுமங்காடும் விதுரையும் தாண்டும்வரை வண்டி குதிரைபோல் ஓடுகிறது. மலையேற்றத்தில் தும்முகிறது, பின் நின்றுவிடுகிறது. கால் மணியோ அரை மணியோ ஓய்ந்தபின் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் கிளம்புகிறது. மறுநாள் பட்டறையில் மீட்டர் வைத்துப் பார்த்தால், ‘காயில் நன்றாக இருக்கிறது’ என்ற தீர்ப்பு! பாவம், குற்றமற்ற கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுகிறார்கள்.

காயில் என்பது ஒரு மின்மாற்றி. மெல்லிரும்பு நடுத்தண்டின்மேல் தடித்த கம்பி சில நூறு சுற்று. மயிரனைய மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்று. பாயிண்ட் மூடியிருக்கையில் தடித்த சுருளில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் எழுகிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் அப்புலம் சரிய, மெல்லிய சுருளில் பதினாயிரம் வோல்ட்டையும் விஞ்சும் அழுத்தம் பிறந்து பிளக்கின் முனையில் பொறியாகப் பாய்கிறது. மைக்கேல் பாரடே 1831இல் கண்ட உண்மையே இங்கு வேலை செய்கிறது.

மீட்டர் தன் சிறு பாட்டரியால் ஓரிரு வோல்ட்டைத்தான் செலுத்தும். அறுந்த கம்பியை அது காட்டிக் கொடுக்கும்; உள்ளே சுற்றுக்குச் சுற்று நைந்துபோன காப்புப் பூச்சை எவ்வாறு காட்டும்? ஆயிரக்கணக்கான வோல்ட்டு ஏறும்போதன்றோ அது உடையும்! அன்றியும், குளிர்ந்தபோது பொருந்தியிருக்கும் விரிசல் சூட்டில் வாய் திறக்கும். ஏற்றத்திலோ காற்றோட்டம் குறைவு, எஞ்சின் வெப்பம் மிகுதி. முழு விசையில் சிலிண்டருள் அழுத்தம் உயர்வதால், பொறி தாண்டுவதற்கு வேண்டும் மின்னழுத்தமும் உயர்கிறது. சூடு ஒருபுறம், சுமை ஒருபுறம். நலிந்த காயில் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியில் தோற்பதன் காரணம் இதுவே.

இனிச் சோதனை. முதலில் குளிர்ந்த நிலையில் காயிலின் இணைப்புகளைக் கழற்றி அளவெடுக்க வேண்டும். 12 வோல்ட் காயிலாயின் முதற் சுருள் பெரும்பாலும் 3 முதல் 4½ ஓம். 6 வோல்ட்டாயின் 1 முதல் 2 ஓம். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுக் காணும் அளவைக் கழித்துக்கொள்க. இத்துணைச் சிறிய எண்ணில் அதுவே பெரும் பிழையாகும். இரண்டாம் சுருள் சில ஆயிரம் ஓம் காட்டும்.

பின்னர் வெந்நீர்ப் பை ஒன்றைக் காயிலைச் சுற்றிக் கட்டி அரை மணி நேரம் வையுங்கள். (வீட்டுத் தாய்மார்களின் இசைவு பெற்றே எடுக்க!) மீண்டும் அளந்தால் எண் சற்று உயர்ந்திருக்கும். அது குற்றமன்று. செம்பின் தடை ஒரு பாகை வெப்பத்துக்கு நூற்றுக்கு 0.4 பங்கு ஏறும். 40 பாகை ஏறினால் 4 ஓம் ஏறத்தாழ 4.6 ஆகும். எண் தாவித் தாவி ஆடினாலோ, எல்லையின்றி ஓடினாலோதான் கம்பி அறுந்தது என்று பொருள்.

முடிவான தீர்ப்பைப் பொறியே சொல்லும். சூடு ஆறுமுன் காயிலை இணைத்து, பிளக்கை அதன் துளையிலேயே விட்டு, பெட்ரோல் குழாயை மூடி, காயிலின் தடித்த கம்பி முனையை எஞ்சின் இரும்பிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி, துணி உலர்த்தும் மரக் கவ்வியால் பிடியுங்கள். சாவியைத் திருகி, மூடிய பாயிண்டை உலர்ந்த குச்சியால் திறந்தால், சடக்கென்று நீலப் பொறி தாவவேண்டும். மஞ்சளாய் மெலிந்து தயங்கினால் ஐயத்துக்கு இடமுண்டு. பிளக்கை வெளியே எடுத்து அதன் சிறு இடைவெளியில் பொறி கண்டு மகிழ்வது போதாது. திறந்த வெளியில் தாவுவது எளிது, அழுத்தத்தினுள் தாவுவதே அரிது. கம்பி முனையை வெறும் வெளியில் தொங்கவிடுதலும் தகாது. போக்கிடமற்ற மின்னழுத்தம் காயிலின் உள்ளேயே காப்பைக் கிழிக்கும். பேஸ்மேக்கர் பொருத்திய பெரியோர் அப்பால் நிற்க.

காயிலைத் தூக்கில் ஏற்றுமுன் வேறு இருவரையும் விசாரிக்க வேண்டும். ஒருவர் கண்டென்சர், சூட்டில் அவரும் இவ்வாறே நடிப்பார். விலை குறைவாதலின் முதலில் அவரை மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை. மற்றவர் பெட்ரோல் தொட்டியின் மூடி. அதன் காற்றுத் துளை அடைபட்டால் எரிபொருள் இறங்காது வண்டி நிற்கும். சற்று ஓய்ந்தால் கிளம்பும். நின்றவுடன் மூடியைத் திறவுங்கள். காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்டு, வண்டியும் உடனே கிளம்பினால், காயிலைக் குறை கூறவேண்டா.

நல்ல காயிலையும் நாம் கெடுப்பதுண்டு. மலைமேல் காட்சி காண இறங்குவோர் சாவியைத் திருகியபடியே விட்டுவிடுகின்றனர். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் 12 வோல்ட், 4 ஓம் காயிலில் 3 ஆம்பியர் ஓயாது ஓடி 36 வாட் வெப்பம் அதனுள்ளேயே தேங்கும். இன்னொரு கேடு: 6 வோல்ட் வண்டியை 12க்கு மாற்றியபின் பழைய காயிலையே வைத்திருப்பது. 1½ ஓமில் 8 ஆம்பியர் பாய்ந்தால் பாயிண்டும் காயிலும் கருகாமல் என் செய்யும்?

ஆகவே இளைஞர்களே, அடுத்த முறை பொன்முடிக்குப் புறப்படுமுன், முதல் நாள் மாலையே வெந்நீர்ப் பையை எடுங்கள். ஐயம் தோன்றினால் கல்லாற்றுக்கு அப்பால் செல்லாதீர்கள்.