ரொபின்சனின் சுயசரிதை

நேயர்களே, பேஸ்போல் வீரரின் சுயசரிதைக்கு இலக்கிய நிகழ்ச்சியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கறுப்பினத்தவரான ஜாக்கி ரொபின்சன் ரோஷக்காரர். 1944இல் இராணுவ முகாம் பஸ்ஸில் பின்னாசனத்துக்குப் போக மறுத்து, இராணுவ நீதிமன்றத்தில் நின்று விடுதலையானவர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கறுப்பருக்கு மூடிக்கிடந்த அமெரிக்கப் பெரும் லீக்குகளுக்குள், 1947 ஏப்ரல் 15இல் புறூக்ளின் டொட்ஜர்ஸ் அணி வீரராக நுழைந்தார். யார் ஏசினாலும் திருப்பி ஏசக்கூடாதென்பது நிர்வாகி பிராஞ்ச் ரிக்கியின் நிபந்தனை. பொறுத்தார்.

அந்தப் பொறுமையைத்தான் இன்றும் மெச்சுகிறார்கள். என்னை ஈர்த்தது, அவர் மறைந்த 1972இல் வெளிவந்த நூலின் கோபம். தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று பாடத் தம்மால் முடியவில்லை என்று எழுதுகிறார். புகழெல்லாம் வந்த பிறகு எழுதியது, கவனியுங்கள். அவ்வாண்டு ஒக்டோபர் 15இல் மைதானத்தில் பாராட்டியபோதும், கறுப்பின முகாமையாளர் ஒருவரைக் காண ஆசை என்றார். ஒன்பது நாளில் காலமானார். அந்தப் பதவிக்கு முதற் கறுப்பர் வந்து களத்தில் நின்றது 1975இல்.