பெரியவர்களை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமான பிறகுதான் அவருடைய நல்ல போட்டோ ஒன்றைத் தேடுகிறோம். கடைசியில் ஏதோ கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கச் சொல்கிறோம். பேரன் பேத்திகளுக்கே அடையாளம் தெரியாத, கலங்கிய முகம் ஒன்று சுவரில் தொங்குகிறது. சதாபிஷேகத்தில் மேடை அலங்காரத்துக்குத் தாராளமாகச் செலவழிக்கும் நாம், இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்கக் கூடாதா? கையிலுள்ள மொபைலே போதும்.

முதலில் ப்ளாஷை அணையுங்கள். நேராகப் பாயும் ப்ளாஷ் நெற்றி விபூதியை வெள்ளைத் திட்டாக்கும், முகத்தைத் தட்டையாக்கும். பாட்டியின் வைர மூக்குத்தி மட்டும் தெரிந்து என்ன பிரயோஜனம்? நேர் வெயில் விழாத ஜன்னலுக்கு இரண்டு மூன்று அடி தள்ளி, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி நாற்காலி போடுங்கள். மும்பை ஃப்ளாட்டில் ஒரே ஜன்னல்தான் என்றால் அதுவே ஸ்டூடியோ. மறுபக்கக் கன்னம் இருண்டிருந்தால், துவைத்த வெள்ளை வேஷ்டியை அந்தப் பக்கம் விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நிழல் இளகுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டியூப்லைட் வேண்டாம், இரண்டு வெளிச்சமும் கலந்தால் தோலின் நிறம் கெடும்.

எக்ஸ்போஷர் விஷயத்தில்தான் பலருக்குக் குழப்பம். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்குப் போடும். வெள்ளை வேஷ்டி, அங்கவஸ்திரம், பின்னால் வெள்ளைச் சுவர் என்றால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். மாமாவின் முகம் கருத்துப் போகும். புது மொபைல்கள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சரிசெய்கின்றன. முழுக்க நம்ப வேண்டாம். திரையில் முகத்தைத் தொட்டால் பெரும்பாலும் சூரியன் போன்ற குறி வரும். அதை மெள்ள மேலே தள்ளி, நரைமுடி வெளுத்துப் போகுமுன் நிறுத்துங்கள்.

ஃபோகஸ், நமக்குக் கிட்டே இருக்கும் கண்ணில் இருக்கட்டும். பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் எஃப் 1.8-இல் எடுத்தால் கண் தெளிவாகி காது கலங்கும். எஃப் 4 உத்தமம். தலை லேசாக ஆடுபவர்களுக்கு ஷட்டர் 1/125-க்குக் குறைய வேண்டாம். மொபைலை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும். ஐந்தடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே இருக்கட்டும். முகவாயைச் சற்றுத் தாழ்த்தினால் பிரதிபலிப்பு போய்விடும்.

“சிரியுங்கோ” என்று மட்டும் சொல்லாதீர்கள். பிறந்த கிராமத்தைப் பற்றிக் கேளுங்கள். பேசி முடித்து மூச்சு விடும்போது எடுங்கள்.

பிரிண்ட் போடவும் மறக்காதீர்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 10க்கு 12 அங்குலப் படத்துக்கு 3000க்கு 3600 புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள். ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. மாமி யாராவது வந்து உட்கார்ந்தால் எடுத்தே காட்டுகிறேன்.