விடை சரிதானா?



கொல்கத்தாவில் வாழும் தமிழர் சிலர் ஒன்றுகூடி, ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிச் சிறுவர் சிறுமியருக்குப் பொது அறிவுப் போட்டி ஒன்று நடத்தி வருகிறோம். வினாக்களைத் தேடி எழுதுவதும், விடைகளுக்கு மதிப்பெண் இடுவதும் எங்கள் பொறுப்பு. அந்தப் பணியில் எங்களுக்கு நேர்ந்த ஒரு பிழையையும், அதன் பயனாக நாங்கள் தெரிந்துகொண்ட சில செய்திகளையும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

"பிப்ரவரி 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுவது ஏன்?" என்பது ஒரு வினா. ஸர் ஸி. வி. ராமன் பிறந்த நாள் என்று எங்கள் தாளில் விடை எழுதியிருந்தது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அது அவர் பிறந்த நாள் இல்லை, கண்டுபிடித்த நாள்" என்றாள். தவறு என்று அறிவித்துவிட்டோம். அந்த ஒரு மதிப்பெண்ணால் முதற்பரிசு வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. சிறுமி வாதாடவில்லை. மேடையை விட்டு இறங்கும்போது அவள் முகம் வாடியிருந்தது.

மறுநாள் நூல்களைப் புரட்டினோம். ராமன் திருச்சிராப்பள்ளியில் பிறந்தது 1888 நவம்பர் 7ஆம் நாள். அவர் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவு கண்டறியப்பட்டதுதான் 1928 பிப்ரவரி 28. அதன் நினைவாகவே 1987 முதல் அந்நாள் கொண்டாடப்படுகிறது. எங்கள் தாள்தான் தவறு.

பரிசுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சிறுமியின் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கச் சென்றோம். அவள் தந்தையார் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் பணிபுரிபவர். "ராமன் எங்கள் இலாகாக்காரர் அல்லவா? இந்த வீட்டில் அந்தக் கதை தினமும் நடக்கும்" என்று சிரித்தார்.

அந்தக் கதை சொல்லத்தக்கதுதான். 1907இல், பதினெட்டே வயதில், நிதி இலாகா அதிகாரியாக ராமன் கல்கத்தா வந்து சேர்ந்தார். பௌபஜார் தெருவில் 210ஆம் எண் கட்டடத்தில், 1876இல் டாக்டர் மகேந்திரலால் ஸர்க்கார் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. ராமன் டிராமில் போகும்போது அதன் பெயர்ப்பலகையைக் கண்டு இறங்கி உள்ளே போனார் என்பார்கள். பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்கு. அதற்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சிச் சாலை. ஏறத்தாழப் பத்தாண்டு இப்படியே கழிந்தது. 1917இல் பெரிய சம்பளத்தை உதறிவிட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

அவர் கண்டது என்ன? ஒரே நிறமுள்ள ஒளியைத் தெளிந்த திரவத்தின் ஊடே செலுத்தினால், அதிலிருந்து சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது அந்தத் திரவத்தின் மூலக்கூறுகளைப் பொறுத்தது. எனவே மாற்றத்தை அளந்தால் பொருளை இன்னதென்று சொல்லிவிடலாம். இன்று மருந்தையும் மணிக்கற்களையும் இந்த முறையால் சோதிக்கிறார்கள். ராமனோடு உடனுழைத்த கே. எஸ். கிருஷ்ணனும் தமிழரே. 1930இல் நோபல் பரிசு வந்தது. கழகம் பிற்பாடு ஜாதவ்பூருக்குக் குடிபெயர்ந்தது. பௌபஜார் தெருவின் வழியே பல ஆண்டுகள் போய்வந்தும் எங்களில் ஒருவரும் இதை நினைத்துப் பார்த்ததில்லை.

அலுவலகக்காரர் கதை என்றதும் இன்னொருவரும் நினைவுக்கு வந்தார். இதே நகரத்து நாணயச்சாலையில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்ஸெப் என்ற ஆங்கிலேயர், ஓய்வு நேரத்தில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத பழைய எழுத்தோடு மல்லாடினார். சாஞ்சி ஸ்தூபத்தின் கல்வேலிகளில் இருந்த சிறு வாசகங்கள் பலவும் ஒரே மாதிரி முடிவதை 1837இல் கவனித்தார். இரண்டு எழுத்து, ஒரு புள்ளி. கோயிலுக்குக் கொடுத்தவர்கள் கடைசியில் எதைப் பொறிப்பார்கள்? "தானம்" என்றுதானே! நம் வீட்டுப் பாட்டிமாரும் சொல்லும் அந்தச் சொல்லே பிராமி எழுத்துக்குத் திறவுகோலாயிற்று.

திறந்த கதவின் அப்பால் அசோகர் நின்றார். குஜராத்தில் கிர்நார் மலையடிவாரப் பாறையில், மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைக் கூறும் சாஸனத்தில், தம் ஆட்சிக்கு அப்பாற்பட்ட அண்டை நாட்டாராகச் சோழரையும் பாண்டியரையும் அவர் குறிப்பிடுகிறார். குஜராத்தில் வாழும் நேயர்கள் ஜுனாகத் பக்கம் போனால் பிள்ளைகளோடு அந்தப் பாறையைப் பார்த்து வரலாம்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு விடையையும் இரண்டு நூல்களிலாவது சரிபார்க்கிறோம். அப்படியும் தப்பவில்லை. அடுத்த ஆண்டு, 1931இல் வெளிவந்த "காளிதாஸ்" முழுவதும் தமிழ் பேசிய முதல் படம் என்று ஒரு விடையை எழுதிவிட்டோம். பம்பாயில் எடுக்கப்பட்ட படம் அது. இன்று அதன் பிரதி ஒன்றும் எஞ்சவில்லை. "டி. பி. ராஜலக்ஷ்மிதான் தமிழில் பேசினார், கதாநாயகன் பேசியது தெலுங்கு" என்று எழுந்து நின்றவள் அதே சிறுமி. இம்முறை மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் நூலைத் தேடப் போனோம்.